அறுபது யூனிட் சேர்ந்தும் டிரான்ஸ்ஃபர் கிடைக்காதது ஏன்?

2025இன் ஃபால் எனப்படும் இலையுதிர்ப் பருவத்தில் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. பல ஆண்டுகளாகப் புழங்கிய ‘ஐ-கெட்-சி’ என்ற பொதுக்கல்விப் பட்டியல் போய் ‘கால்-கெட்-சி’ வந்தது. கூடவே, கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்ட பாட எண்களும் மாறத் தொடங்கின. நேற்றுவரை ‘1ஏ’ என்றோ ‘101’ என்றோ இருந்த ஆங்கிலப் பாடம் இன்று எல்லாக் கல்லூரிகளிலும் ‘சி1000’. அண்ணன் வைத்திருந்த பழைய பட்டியலைப் பார்த்துத் தம்பிக்குப் பாடம் எடுக்க வழியில்லாமல் போயிற்று.

இது புதிய குழப்பம். இதற்கு அடியில் பழைய குழப்பம் ஒன்று கிடக்கிறது. இரண்டு வருடக் கல்லூரி என்று சொல்லிச் சேர்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாற, அதாவது டிரான்ஸ்ஃபர் ஆக, அறுபது யூனிட் பாடம் எடுத்தால் போதும் என்கிறார்கள். அறுபது சேர்ந்த பிறகும் மாணவர் அங்கேயே மூன்றாம் வருடம் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை சரியாகப் படிக்கவில்லை என்று வீட்டில் முடிவுகட்டுகிறார்கள். பல நேரம் படிப்பில் கோளாறு இல்லை. முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தில் தொடங்கினார் என்பதிலேயே மூன்றாம் வருடம் எழுதப்பட்டுவிட்டது.

அடிப்படை: இது எந்த வகைக் கல்லூரி?

தமிழ்நாட்டில் ‘சமுதாயக் கல்லூரி’ என்றால் தொழில்திறன் கற்றுத்தரும் குறுகிய காலப் படிப்பு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரி தொழிற்கல்வியும் தருகிறது, ஆனால் அதன் இன்னொரு பாதி வேறு: நான்கு வருட இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு வருடங்களை இங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டு, மீதி இரண்டை ஒரு பல்கலைக்கழகத்தில் தொடரலாம். இந்த வகைக் கல்லூரிகளில் இன்றும் நடந்துவரும் மிகப் பழைய பொதுக்கல்லூரி இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் காலேஜ், தொடங்கியது 1901இல்.

கலிஃபோர்னியாவில் இந்த ஏற்பாட்டுக்கு உருவம் கொடுத்தது 1960இன் உயர்கல்விப் பெருந்திட்டம். பள்ளி முடிப்பவர்களில் படிப்பில் முதல் எட்டில் ஒரு பங்கினர் யூசி எனப்படும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கினர் சிஎஸ்யூ எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, மற்ற எவரும் கம்யூனிட்டி கல்லூரிக்கு, அங்கிருந்து மேலே ஏற ஒரு படிக்கட்டு என்று அது வகுத்தது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் உள்ளன. மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 2012இலிருந்து இதே கட்டணம்தான். இந்தக் கட்டுரை பேசுவது அந்தப் படிக்கட்டைப் பற்றி. அதைத்தான் ‘டிரான்ஸ்ஃபர்’ என்கிறார்கள்.

அடிக்கடி காதில் விழும் சொற்கள்:

1. யூனிட்: பாடத்தின் எடை. வாரத்துக்குச் சுமார் மூன்று மணி நேர வகுப்பு என்றால் மூன்று யூனிட். கம்யூனிட்டி கல்லூரி தரும் இரண்டு வருட அசோசியேட் பட்டத்துக்குக் குறைந்தது 60 செமஸ்டர் யூனிட்.
2. பொதுக்கல்வி: எந்தத் துறைக்குப் போனாலும் எடுக்க வேண்டிய ஆங்கிலம், கணிதம், கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் கலவை.
3. மேஜர் தயாரிப்பு: மேஜர், அதாவது பட்டத்தின் முதன்மைத் துறைக்குள் மூன்றாம் வருடத்தில் நுழைய, முன்கூட்டியே முடித்திருக்க வேண்டிய பாடங்கள்.
4. முன்தேவைப் பாடம்: இதைத் தேறினால்தான் அடுத்ததில் பதிய முடியும் என்ற நிபந்தனை. மாணவர்கள் ‘ப்ரீரெக்’ என்பார்கள்.
5. எட் பிளான்: எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று கல்லூரியின் ஆலோசகரான கவுன்சலருடன் உட்கார்ந்து எழுதும் அட்டவணை.

நம் ஊர்ப் பழக்கம் இங்கே எங்கே காலை வாரும்?

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரியில் படித்த ஒரு பெற்றோருக்குப் பாடத்தைத் திட்டமிடுவது என்ற வேலையே பழக்கமில்லை. முதல் செமஸ்டரில் இந்தப் பேப்பர்கள், இரண்டாம் செமஸ்டரில் இந்தப் பேப்பர்கள் என்று பல்கலைக்கழகமே கையில் கொடுத்துவிடும். விருப்பப் பாடம் கடைசி வருடங்களில் ஒன்றிரண்டு. கணிதம் ஒன்றில் அரியர் விழுந்தாலும் பெரும்பாலும் வண்டி நிற்காது. அடுத்த செமஸ்டரில் கணிதம் இரண்டை எழுதிக்கொண்டே பழைய அரியரையும் எழுதலாம்.

கம்யூனிட்டி கல்லூரியில் இந்த இரண்டும் தலைகீழ். பாடங்கள் ஒரு பெரிய மெஸ்ஸில் பரப்பி வைத்த பதார்த்தங்கள்போல் கிடக்கின்றன. தட்டில் எதைப் போட்டுக்கொள்வது என்பது மாணவர் பாடு. ஆனால் சில பதார்த்தங்களுக்குப் பூட்டு உண்டு. கால்குலஸ் ஒன்றைத் தேறாதவரைக் கால்குலஸ் இரண்டில் பதிவுக் கணினியே ஏற்காது. இங்கே அரியர் என்ற பேச்சே இல்லை. வண்டி அந்த இடத்திலேயே நிற்கும்.

சங்கிலிதான் கடிகாரம்

யூனிட் கணக்கு ஏமாற்றுவது இங்கேதான். செமஸ்டருக்குப் பதினைந்து யூனிட், நான்கு செமஸ்டரில் அறுபது; கூட்டல் சரி. ஆனால் எப்போது வெளியேறலாம் என்பதைத் தீர்மானிப்பது கூட்டல் அல்ல. ஒன்றுக்குப் பின் ஒன்றாக மட்டுமே எடுக்க முடிகிற பாடங்களில் எது மிக நீளமான வரிசையோ, அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்தாலும் ஒரு பிள்ளையை ஒரே மாதத்தில் பெற்றெடுக்க முடியாது. அதுபோல, ஒரே செமஸ்டரில் இருபது யூனிட் எடுத்தாலும் நான்கு பாடச் சங்கிலி ஒன்று சுருங்காது.

இயந்திரப் பொறியியல் படிக்க யூசிக்கு மாற விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முடித்திருக்க வேண்டியவற்றில் இரண்டு சங்கிலிகள் உண்டு. கணிதச் சங்கிலி: கால்குலஸ் 1, 2, பல மாறிகளின் கால்குலஸ், அதன் பின் வகைக்கெழுச் சமன்பாடுகள். இயற்பியல் சங்கிலி: இயக்கவியல், மின்காந்தவியல், பிறகு அலை, ஒளி, வெப்பம் சார்ந்த மூன்றாம் பாடம். இரண்டு சங்கிலிகளும் ஓர் இடத்தில் பின்னிக்கொள்கின்றன. கால்குலஸ் 1 முடிக்காமல் இயற்பியல் முதல் பாடத்தில் உட்கார முடியாது.

அவர் கால்குலஸ் 1இல் தொடங்கினால்:

1. முதல் ஃபால்: கால்குலஸ் 1.
2. முதல் ஸ்பிரிங் (வசந்தப் பருவம்): கால்குலஸ் 2, இயற்பியல் 1.
3. இரண்டாம் ஃபால்: பல மாறிகளின் கால்குலஸ், இயற்பியல் 2.
4. இரண்டாம் ஸ்பிரிங்: வகைக்கெழுச் சமன்பாடுகள், இயற்பியல் 3.

நான்கு செமஸ்டரில் கச்சிதமாக முடிகிறது. ஒரு செமஸ்டர்கூட உபரி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதே மாணவர் ஒரு படி கீழே, ப்ரீகால்குலஸில் தொடங்கினால் எல்லாம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகிறது. இயற்பியல் 3 ஐந்தாம் செமஸ்டரில் விழுகிறது. ஐந்து செமஸ்டர் என்றால் இரண்டரை வருடம்தானே என்று தோன்றும். யூசி வளாகங்களில் பொறியியலுக்கு டிரான்ஸ்ஃபர் மாணவர்களைப் பெரும்பாலும் ஃபாலில் மட்டும்தான் சேர்க்கிறார்கள். தேவையான பாடங்களும் அதற்கு முந்தைய ஸ்பிரிங்குக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆக இரண்டரை என்பது நடைமுறையில் மூன்று. தொடக்கத்தில் ஒரு படி, முடிவில் ஒரு வருடம். இதற்கிடையே நான்காம் செமஸ்டர் முடிவிலேயே அவர் கணக்கில் அறுபது யூனிட் ஏறியிருக்கும். தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

இதைத் தடுக்கும் விலை எவ்வளவு என்று பார்த்தால் வயிறெரியும். பள்ளி முடித்த கோடையிலேயே, ஃபால் தொடங்கும் முன், ப்ரீகால்குலஸை ஒரு கோடைப் பாடமாக முடித்துவிட்டால் சங்கிலி மறுபடி நான்குக்குள் வந்துவிடும். ஐந்து யூனிட் பாடம் என்று வைத்தாலும் 230 டாலர். ஒரு வருடத்தின் விலை அவ்வளவுதான். ஆனால் இதை ஆகஸ்டில் தெரிந்துகொண்டு பயனில்லை. ஏப்ரலில், மே மாதத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாத் துறைக்கும் இந்த நெருக்கடி கிடையாது. வரலாறு, சமூகவியல், ஆங்கிலம் போன்றவற்றில் சங்கிலி மிகக் குட்டை. முதல் வருடம் பொதுக்கல்வியை மேய்ந்துவிட்டு இரண்டாம் வருடம் மேஜரை முடிவு செய்தாலும் பாதகமில்லை. உளவியலில் அறிமுகப் பாடம், புள்ளியியல், ஆய்வு முறைகள் என்று நடுத்தர நீளம். நர்சிங் வேறு கதை: உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை முடித்த பிறகுதான் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியும். அந்தப் படிப்பு தனியாக இரண்டு வருடம். அசோசியேட் பட்டம்தான் என்றாலும் இரண்டு வருடத்தில் அதை முடித்தவர் அபூர்வம்.

எனவே முதல் வருடம் பொதுப் பாடங்களை எடுத்து முடித்துவிடு, மேஜரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற புகழ்பெற்ற அறிவுரை பாதி மாணவர்களுக்குச் சரி, மீதிப் பாதிக்கு விஷம். பொறியியல், கணினி, இயற்பியல், வேதியியல் பக்கம் போக வாய்ப்பு இருக்கிறது என்றால், மேஜர் முடிவாகாவிட்டாலும் முதல் செமஸ்டரிலேயே கணிதத்தைத் தொடங்கிவிட வேண்டும். பிறகு மனம் மாறி வரலாறு படித்தால் இழப்பு ஒன்றிரண்டு பாடங்கள். வரலாற்றில் தொடங்கிப் பொறியியலுக்கு மாறினால் இழப்பு இரண்டு வருடம்.

மாநில அரசும் இந்தச் சங்கிலியைத்தான் அறுக்கப் பார்க்கிறது. முன்பெல்லாம் சேரும்போது ஒரு நுழைவுநிலைத் தேர்வு வைத்து, அதில் சறுக்கியவர்களை யூனிட் கணக்கில் வராத சீர்படுத்தும் கணிதப் பாடங்களில் இரண்டு மூன்று படி கீழே தள்ளுவார்கள். பலர் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறவே இல்லை. 2017இல் வந்த ஏபி 705 சட்டம் தேர்வுக்குப் பதில் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கச் சொன்னது. 2022இன் ஏபி 1705 இன்னும் இறுக்கி, அறிவியல், பொறியியல் மாணவர்களை முடிந்தவரை நேரே கால்குலஸில் உட்கார வைக்கச் சொல்கிறது. அடித்தளம் இல்லாதவரை ஆழத்தில் தள்ளுகிறார்கள் என்று கணித ஆசிரியர்கள் பலர் எதிர்க்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மாணவர் பக்கமிருந்து பார்த்தால் ஒன்று தெளிவு: கால்குலஸில் சேர்க்கப்பட்டவர், கூடவே தரும் துணைப் பாடத்தைக் கௌரவக் குறைச்சல் என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

‘ஏற்றுக்கொள்வோம்’ என்பதற்கு இரண்டு பொருள்

அடுத்த பொறி சொல்லில் இருக்கிறது. ‘இந்தப் பாடம் யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்று கல்லூரியின் பாடப்பட்டியலில் போட்டிருக்கும். அதன் பொருள், யூனிட் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும். நீங்கள் போகும் துறை கேட்கும் இயற்பியல் பாடத்துக்கு ஈடாக ஏற்பார்கள் என்பது தனி ஒப்பந்தம். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே பாடத்துக்குப் பாடம் போட்ட இந்த ஈட்டு ஒப்பந்தங்களை ‘ஆர்ட்டிகுலேஷன்’ என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பொதுக்கல்லூரிகளுக்கு அவை ‘அசிஸ்ட்’ என்ற ஒரே இணையதளத்தில் கிடக்கின்றன. உங்கள் கல்லூரி, போக வேண்டிய வளாகம், மேஜர், கல்வியாண்டு நான்கையும் கொடுத்தால் பட்டியல் வரும். தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிமாநிலங்களும் அதில் இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் யூனிட்களில் 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. தனியார் கல்லூரிகள் உட்பட எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்த கணக்கு அது. அசிஸ்ட் போன்ற ஏற்பாடு உள்ள மாநிலத்தின் பொதுக்கல்லூரிகளுக்குள் மாறுபவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் இன்னொரு நஷ்டம் உண்டு, அது எந்தக் கணக்கிலும் இழப்பாகத் தெரியாது: யூனிட்டாக ஏறிய பாடம் பட்டத்தின் எந்தத் தேவையையும் நிரப்பாமல் சும்மா கிடப்பது.

தொடர் பாடங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கூப்பர்டினோவின் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில் ஆகியவை செமஸ்டர் முறையில் அல்ல, அதைவிடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. அங்கே மூன்று குவார்ட்டர் யூனிட் என்பது இரண்டு செமஸ்டர் யூனிட். அசோசியேட் பட்டத்துக்கு 90. கால்குலஸ் தொடர் நான்கு துண்டுகளாக இருக்கும். அதில் இரண்டு துண்டை அங்கே முடித்துவிட்டு, மீதியை ஃப்ரீமாண்டின் ஓலோனி போன்ற செமஸ்டர் கல்லூரியில் தொடர்ந்தால் வெட்டு வேறு இடத்தில் விழுகிறது. நடுவே சில அத்தியாயங்கள் விடுபடும், அல்லது இரண்டு முறை வரும். தொடரை எந்தக் கல்லூரியில் தொடங்கினோமோ அங்கேயே முடிப்பதே பாதுகாப்பு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பத்து மைல் சுற்றளவில் மூன்று கல்லூரி இருப்பதால், வகுப்பு நேரம் வசதியாக இருக்கிறது என்று தாவுகிறவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள்.

2025இல் என்ன மாறியது?

பழைய முறையில் யூசிக்கு ஒரு பொதுக்கல்விப் பட்டியல், சிஎஸ்யூவுக்கு இன்னொன்று. 2021இன் ஏபி 928 சட்டம் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னது. விளைவு, 11 பாடம், 34 யூனிட் கொண்ட கால்-கெட்-சி. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது ‘சி’ கிரேடு வேண்டும். மேடைப்பேச்சு போன்ற வாய்மொழித் தொடர்புப் பாடம் இப்போது யூசிக்குப் போகிறவருக்கும் உண்டு. யூசி பட்டியலில் இருந்த வேற்றுமொழித் தேவை இதில் இல்லை. 2025 ஃபாலுக்கு முன்பே சேர்ந்து விடாமல் படித்து வருகிறவர்கள் பழைய பட்டியலையே முடிக்கலாம். சேர்ந்த ஆண்டின் விதிகள் தொடரும் இந்த உரிமைக்குக் ‘கேட்டலாக் ரைட்ஸ்’ என்று பெயர். நடுவே படிப்பை விட்டுவிட்டு வந்தால் அது பறிபோகலாம்.

பாட எண் மாற்றம் ஏபி 1111 சட்டத்தின் வேலை. முதல் கட்டமாக ஆங்கிலம் இரண்டு, புள்ளியியல், உளவியல் அறிமுகம், அமெரிக்க அரசியல், மேடைப்பேச்சு என ஆறு பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண். உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. பழைய எண்ணில் முடித்த பாடத்தைப் புதிய எண்ணில் மறுபடி எடுக்க வேண்டியதும் இல்லை.

இந்த இரண்டு மாற்றமும் பொதுக்கல்வியைச் சீராக்குகின்றன. மேஜர் தயாரிப்பைத் தொடவில்லை. அதிக யூனிட் கேட்கும் பொறியியல் போன்ற துறைகளில் பொதுக்கல்விப் பட்டியலை முழுதாக முடிப்பதைவிட மேஜர் பாடங்களை முடிப்பதே முக்கியம் என்று யூசியே சொல்கிறது. கால்-கெட்-சி முடித்தாயிற்றா என்று மட்டும் கேட்கும் குடும்பம் தவறான கேள்வியைக் கேட்கிறது.

உறுதிச்சீட்டுகள் எதற்கு உறுதி?

இரண்டு வகை உண்டு. ‘டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம்’ 2010இல் ஒரு சட்டத்தால் வந்தது. அறுபது யூனிட்டில் அதை முடித்தால் சிஎஸ்யூவில் இடம் உறுதி, மீதிப் பட்டத்தை இன்னொரு அறுபது யூனிட்டில் முடிக்கலாம். உறுதி சிஎஸ்யூ அமைப்பில் ஓர் இடத்துக்கு; நீங்கள் ஆசைப்பட்ட வளாகத்துக்கு அல்ல. சான் ஹோசேயில் கணினி அறிவியல் என்று மனதில் வைத்திருப்பவர் போட்டியில்தான் நிற்கிறார்.

‘டேக்’ என்பது யூசியின் உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டும், அவற்றிலும் எல்லா மேஜரும் அல்ல. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. விண்ணப்ப மாதம் செப்டம்பர். பொது விண்ணப்பம் நவம்பர் முடிவில் மூடுகிறது.

தேதியை உற்றுப் பாருங்கள். இரண்டு வருடத்தில் மாற நினைப்பவர் மூன்றாம் செமஸ்டரின் நடுவில் விண்ணப்பிக்கிறார். அப்போது கையில் இருப்பது முதல் வருட மதிப்பெண் மட்டும். முதல் வருடம் பழகிக்கொள்ள, இரண்டாம் வருடம் பிடித்துக்கொள்ள என்ற திட்டத்துக்கு இங்கே இடமில்லை.

மதிப்பெண் விதிகள்

1. முன்தேவைப் பாடத்தில் ‘சி’ வேண்டும். ‘டி’ தேர்ச்சிபோல் தெரியும், யூனிட்டும் ஏறலாம். ஆனால் அடுத்த கதவு திறக்காது.
2. ‘சி’ வாங்கிய பாடத்தை மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடி எடுக்க முடியாது. நம் ஊர் இம்ப்ரூவ்மென்ட் தேர்வு நினைப்பில் இருப்பவர்களுக்கு இது அதிர்ச்சி. ‘டி’, ‘எஃப்’ வாங்கியதை மட்டுமே திரும்ப எடுக்கலாம்.
3. பருவத்தின் முதல் சில வாரங்களுக்குள் விலகினால் சுவடே இருக்காது. அதற்குப் பின், கடைசிக் கால் பகுதி தொடங்கும்வரை விலகினால் ‘டபிள்யூ’ பதிவாகும். சராசரியைப் பாதிக்காது, ஆனால் உதவித்தொகைக் கணக்கில் எடுத்து முடிக்காத பாடமாக நிற்கும்.
4. பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதி. அந்த மதிப்பெண் நிரந்தரப் பதிவு. பக்கத்து வீட்டுப் பையன் எடுக்கிறான் என்று கோடையில் சேர்த்துவிட்டு ‘டி’ வாங்க வைப்பதைவிட, நீச்சல் வகுப்புக்கு அனுப்புவது உத்தமம்.

பன்னிரண்டும் பதினைந்தும்

உதவித்தொகைக்கு முழுநேர மாணவர் என்றால் 12 யூனிட். ஆனால் பன்னிரண்டை நான்கால் பெருக்கினால் 48. முழுநேரம் என்ற பெயரோடு, எல்லாவற்றிலும் தேறி, இரண்டு வருடத்தில் பட்டத்துக்குப் பன்னிரண்டு யூனிட் குறைவாக நிற்கலாம். வேலைக்கும் போகிறவர் பன்னிரண்டோடு நிறுத்துவது நியாயமே. கோடையில் ஆறு ஆறாக ஈடுகட்டலாம் என்பதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் வாழ்நாளில் 12 செமஸ்டருக்கு மட்டும். உதவித்தொகையோடு பட்டத்துக்குத் தேவையான யூனிட்டில் ஒன்றரை மடங்கு வரைதான் எடுக்கலாம். அறுபது யூனிட் படிப்பில் தொண்ணூறு. கம்யூனிட்டி கல்லூரியில் கழிக்கும் ஒவ்வொரு கூடுதல் செமஸ்டரும் பல்கலைக்கழகத்தில், கட்டணம் பல மடங்காகும் இடத்தில், தேவைப்படப்போகும் உதவியிலிருந்து கழிகிறது.

கவுன்சலர் இதையெல்லாம் சொல்வதில்லையா?

சொல்கிறார், அவரிடம் போய்ச் சேர்ந்தால். கலிஃபோர்னியாவில் கவுன்சலர்கள் ஆசிரியர் தகுதி உடையவர்கள். முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். மாணவர் 15 யூனிட் முடித்த பின்போ மூன்றாம் செமஸ்டர் முடிவதற்குள்ளோ முழு எட் பிளான் போட்டிருக்க வேண்டும் என்று மாநில விதியும் உண்டு. அங்கேயே ஓட்டை தெரிகிறது. பொறியியல் சங்கிலிக்காரருக்கு மூன்றாம் செமஸ்டரில் வரும் திட்டம், கல்யாணம் முடிந்த பிறகு வரும் பத்திரிகை.

ஆள் போதாமை இன்னொரு காரணம். இதற்கு நல்ல சான்று கலிஃபோர்னியாவில் இல்லை, நியூயார்க்கில் இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரிகள் 2007இல் ‘அசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. முழுநேரப் படிப்பு கட்டாயம். பாடப்புத்தகமும் மெட்ரோ பயண அட்டையும் இலவசம். ஆலோசகரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். மற்ற ஆலோசகர்களிடம் 600 முதல் 1,500 மாணவர்கள் இருக்க, அசாப் ஆலோசகரிடம் 60 முதல் 80 பேர். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டது. மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர் அசாப்பில் 40 விழுக்காடு, வெளியே 22. ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் இதையே செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடுதல்தான். ஆனால் நியூயார்க் ஆய்வில், கிடைத்த ஒரு பட்டத்துக்கு என்று வகுத்தபோது செலவு குறைந்தது. புத்தகம், பஸ் பாஸ், ஆலோசகர் ஆகியவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டில் அரை மணி நேரச் சந்திப்பு எவ்வளவு சாதிக்கும் என்பது மட்டும் புரியும்.

ஆகவே அந்த அரை மணிக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை:

1. இரண்டு அல்லது மூன்று இலக்கு வளாகங்களுக்கு அசிஸ்ட் தளத்திலிருந்து எடுத்த மேஜர் பட்டியல். ஒரே மேஜருக்கு வளாகத்துக்கு வளாகம் பட்டியல் மாறும்.
2. கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி எழுதிய சங்கிலி. எந்த ஸ்பிரிங்கில் முடிய வேண்டுமோ அதைக் கடைசிக் கட்டத்தில் போட்டு, முன்தேவையை ஒவ்வொன்றாகப் பின்னால் வைத்து வர வேண்டும். முதல் கட்டம் கடந்த பருவத்தில் போய் விழுந்தால், திட்டம் ஏற்கெனவே தாமதம்.
3. “இந்தப் பாடம் எந்தெந்தப் பருவத்தில் நடக்கும்?” என்ற கேள்வி. சிறிய கல்லூரிகளில் இயற்பியல் 3, பொறியியல் பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அதைத் தவறவிட்டால் ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு வருடம் போகும்.

விசாவும் சங்கிலியும்

கலிஃபோர்னியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு எண் உண்டு: 21. எச்-4 விசாவில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளை மாநிலவாசி என்ற தகுதியைப் பெற்று 46 டாலர் கட்டணத்தில் படிக்க வழி இருக்கிறது. ஆனால் 21 வயதில் அந்த விசா முடிகிறது. கிரீன் கார்டு வராவிட்டால் பலர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எஃப்-1 மாணவர் பொதுவாக வெளியாள் கட்டணம் செலுத்துகிறார். அது பல மடங்கு. செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும், முழு அளவுக்குக் கணக்கில் வரும் ஆன்லைன் பாடம் ஒன்றே ஒன்று. ஒரு வகுப்பில் திணறினால் சட்டென்று விலக முடியாது. பன்னிரண்டுக்குக் கீழே போகுமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

பதினெட்டில் சேர்ந்து இரண்டு வருடத்தில் மாறுகிறவர் இருபதில் பல்கலைக்கழகத்தில் இருப்பார். ப்ரீகால்குலஸில் தொடங்கி மூன்று வருடம் ஆனவர் இருபத்தொன்றைக் கம்யூனிட்டி கல்லூரியிலேயே எட்டுவார். வரப்போகும் விசா மாற்றத்தைக் கவுன்சலர் தானாக ஊகிக்க மாட்டார். பிறந்த தேதியைச் சொல்லித்தான் திட்டம் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு

மூன்றாம் செமஸ்டரில் இதைப் படிக்கிறவருக்குச் சில வழிகள் மிச்சம் இருக்கின்றன. பொறியியல் பட்டியல்களில் வரும் இன்னொரு கணிதப் பாடமான லீனியர் அல்ஜீப்ராவுக்குப் பல கல்லூரிகள் கால்குலஸ் 2 மட்டுமே கேட்கின்றன. அதைப் பல மாறிகளின் கால்குலஸோடு இணையாக எடுக்கலாம். கோடைப் பாடமாகச் சங்கிலியின் ஒரு கண்ணியை முடிக்கலாம், ஆனால் டிரான்ஸ்ஃபருக்கு முந்தைய கடைசிக் கோடையை யூசி பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. அதற்கு முந்தைய கோடைதான் பயன்படும். மேஜரை ஒட்டிய, சங்கிலி குட்டையான துறை ஒன்றுக்கு விண்ணப்பிப்பது இன்னொரு வழி. உள்ளே போய்ப் பொறியியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் அதைச் செய்ய வேண்டாம், நெரிசலான துறைகளின் கதவு உள்ளேயிருந்தும் பூட்டியிருக்கும்.

மூன்றாம் வருடம் தவிர்க்க முடியாது என்றானால், யூனிட் அதிகமாகிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. கம்யூனிட்டி கல்லூரி யூனிட்களில் யூசி கணக்கில் வைப்பது 70 வரை. அதற்கு மேல் எடுத்தால் யூனிட் ஏறாது, ஆனால் பாடத்தேவை நிறைவேறியதாகவே கொள்ளும். கம்யூனிட்டி கல்லூரியில் மட்டும் படித்தவரை யூனிட் அதிகம் என்று யூசி திருப்பி அனுப்புவதில்லை.